பதினொன்றரை அடி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காலையில் போகும் பாசஞ்சரில், பெண்கள் பெட்டியில், எனக்கும் ஆரோக்கியசெல்விக்கும் ஒன்பது வருடப் பழக்கம். நான் விழுப்புரத்தில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் டோக்கன் கொடுத்து வரிசையில் உட்கார வைக்கிறவள். அவள் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட். வாத்தியார்களுக்குப் புரியாத பாடத்தை அவர்களுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்கள் உட்கார நாற்காலியையும் துடைத்துப் போடுகிற வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்கு வரவே வராது. அதனாலேயே அவளிடம் நான் அதிகம் கோபித்துக்கொள்வேன்.

அவளைப் பற்றி இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வானம்தான். ஐப்பசி பிறந்ததிலிருந்து கிழக்கே கருத்துக்கொண்டு நிற்கிறது. எருக்கந்தாங்கல் ஏரி நிரம்பித் தளும்பி நிற்கிறது. போன வருஷம் நடந்தது தெரிந்த யாரும் இந்த மேகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எருக்கந்தாங்கல் அவள் ஊர். திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நிலம் வைத்திருப்பவர்களின் தெருக்கள் மேட்டில் இருக்கின்றன. காலனி கோடிக்குக் கீழே இருக்கிறது. கோடி என்பது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கட்டிய கல் வரம்பு. வழிந்த தண்ணீர் ஓடையாகிக் காலனியை உரசிக்கொண்டுதான் ஓடும். அங்கே நாற்பத்திரண்டு வீடுகள். பாதிப்பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப்பேர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். குடியிருக்கக் கோடிக்குக் கீழேதான் இடம் வேண்டும் என்று அவர்களா கேட்டு வாங்கினார்கள்? அதைப் பேசினால் என் வாய்தான் கெடும்.

வளவனூர்க்காரர் ஒருவர், பெயர் மணிமாறன், பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறார். அவர் ‘ஏரிக்காவல்’ என்று ஒரு புரோகிராம் எழுதினார். ஏரிக்குள் ஒரு கம்பம் நட்டு, அதில் ஒரு கருவியைப் பொருத்திவிடுவார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது தண்ணீர் எத்தனை அடி என்று சொல்லும். குறித்துவைத்த அளவைத் தண்ணீர் தொட்டால், அந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிற எல்லா போனும் அடிக்கும். எடுத்தால் ஒரு குரல், ஏரி கோடி போகப் போகிறது, மேட்டுக்குப் போங்கள் என்று சொல்லும். அதே நேரத்தில் அதிகாரிகளுக்கும் தகவல் போய்விடும். இந்தப் புரோகிராமைப் பூட்டி வைக்காமல் இன்டர்நெட்டில் திறந்தே போட்டிருக்கிறார்கள். காசு வாங்காமல் எங்கெங்கோ இருந்து ஆட்கள் அதைத் திருத்திக் கொடுப்பார்கள்.

கொரோனா முடிந்த வருஷம் செல்வி அதில் தன் ஊரைத் தேடிப் பார்த்தாள். ஏரி இருந்தது, கம்பமும் இருந்தது. பட்டியலில் பதினெட்டு நம்பர்கள் இருந்தன. எல்லாம் மேட்டுத் தெருவுடையவை.

“தண்ணி வந்தா மொதல்ல முழுவறது நாங்க. போன் மட்டும் மேட்டுக்குப் போவுது பாருக்கா” என்று சிரித்தாள். நானாக இருந்தால் அன்றைக்கே அந்த மணிமாறனைக் கூப்பிட்டுக் காது கிழியக் கத்தியிருப்பேன். அவள் மரியாதையாக நாற்பத்திரண்டு நம்பரையும் எழுதி அனுப்பினாள். ஊர்ப் பாசன சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்று பதில் வந்தது. சங்கத்துக்காரர்கள் அவளை வாசலில் நிற்க வைத்துவிட்டு, பார்க்கலாம் போ என்று அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அவள் சுற்று வழியைப் பிடித்தாள். அந்தப் புரோகிராமை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இங்கே தப்பு, இப்படி மாற்று என்று எழுதிப் போடலாம். ஆனால் உள்ளே கை வைத்து மாற்றும் உரிமை ஏழு பேருக்குத்தான். அதற்குக் கமிட் ஆக்சஸ் என்று பெயர். கேட்டால் கிடைக்காது. வேலை செய்து, இந்த ஆளை நம்பலாம் என்று அந்த ஏழு பேருக்கும் தோன்றினால் அவர்களாகக் கொடுப்பார்கள். இரண்டரை வருஷம் அவள் அதற்காக உழைத்தாள். ரயிலில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே வருவாள். அவள் சாப்பாட்டுப் பையை நான் பிடித்துக்கொள்வேன். பேட்டரி இறங்கினால் கம்பம் தண்ணீரே இல்லை என்று பொய் சொல்லுமாம், அதைத் திருத்தினாள். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர்களில் போன் பாதியில் அறுந்துபோகுமாம், அதையும் திருத்தினாள். அறுபத்தேழு திருத்தங்கள் செய்தாள் என்று அவளே ஒருநாள் எண்ணிச் சொன்னாள்.

ஒரு காலையில், ரயில் விக்கிரவாண்டி தாண்டியபோது என் தொடையைக் கிள்ளினாள்.

“வேணிக்கா, குடுத்துட்டாங்க.”

“என்னாடி குடுத்துட்டாங்க?”

“கமிட் ஆக்சஸ். நான் எட்டாவது ஆளு.”

விழுப்புரத்தில் இறங்கியதும் எனக்குப் பருப்பு வடை வாங்கிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே நாற்பத்திரண்டு நம்பரையும் பட்டியலில் ஏற்றினாள். உரிமை உள்ளவரே ஏற்றினால் சங்கத்தின் ஒப்புதல் வேண்டாம்; ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ளவேண்டும் என்பது மட்டும்தான் அங்கே விதி. மணிமாறனே பார்த்து ஒப்புக்கொண்டார். காலனி வரிசையில் முதல் நம்பர் முனியம்மாளுடையது.

முனியம்மாள் செல்வியின் பக்கத்து வீடு. ஓடைக்கரையை ஒட்டிய கடைசி வீடு அவளுடையது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இரண்டு கறவை மாடுகள் உண்டு. நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம்; அதைப் பிடுங்கும் காலத்தில் செல்விக்கு ஒரு பை, செல்வியின் ரயில் சிநேகிதி எனக்கு ஒரு பை என்று வேகவைத்து அனுப்புகிற மனுஷி. போனில் வரும் எச்சரிக்கைக்குக் காலனி ஆட்களுக்காக செல்வி தன் குரலிலேயே பேசிப் பதிந்திருந்தாள். சோதனைக்காக முதல் தடவை அடித்தபோது, அது இயந்திரம் என்று தெரியாமல் முனியம்மாள், “சரிடி செல்வி, சரிடி, மாட்ட அவுத்துக்கினு வர்றேன்” என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

எச்சரிக்கை அளவு பதினொன்றரை அடி. கோடியின் உயரம் பன்னிரண்டு. அரை அடி இருக்கும்போதே போன் அடித்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஐப்பசியில் ஏரி நிரம்ப வந்ததும் நிலத்துக்காரர்கள் கோடியின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கிவிடுவார்கள். ஒன்றரை அடி கூடுதலாகத் தண்ணீர் நிற்கும், இரண்டாம் போகம் நெல்லுக்கு ஆகும். மேட்டில் இருப்பவர்களுக்கு அதில் என்ன நஷ்டம்?

போன வருஷம் ஐப்பசியில் மூன்று தடவை போன் அடித்தது. மூன்று தடவையும் அதிகாரிகள் ஜீப்பில் வந்து மூட்டைகளை எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் மூட்டைகள் மறுபடி ஏறின. காலனியிலும் சலிப்புத் தட்டியது. மூன்று தடவையும் மாட்டைப் பிடித்துக்கொண்டு மேட்டில் போய் நின்றது முனியம்மாள் மட்டும்தான்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம், செல்வியின் வீட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் சின்னதுரை, பாசன சங்கத் தலைவர். கூட அவர் மகன் செல்வகுமார், எஞ்சினியரிங் படித்துவிட்டு ஊரில் இருப்பவன். மற்ற இருவர் சங்கத்து ஆட்கள். அந்தத் தெருவில் அவர்கள் காலை வைத்ததே ஓட்டுக் கேட்கிற சமயத்தில்தான். அதுவும் வாசலோடு சரி. அன்றைக்கு உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். செல்வியின் அம்மா சவுரியம்மாள் கைகால் ஓடாமல் டீ போட்டாள். அவர்கள் அந்த வீட்டு டம்ளரில் வாங்கிக் குடித்தார்கள்.

“செல்விம்மா, நீ நம்மூர் பொண்ணு. இவ்ளோ பெரிய பொறுப்புல கீற. எங்களுக்கே பெருமையா கீது” என்றாராம் சின்னதுரை. அதுவரை அவருக்கு அவள் சவுரியம்மா பொண்ணு, அல்லது ஏ புள்ள. “சும்மா சும்மா போன் அடிச்சிக்கினு இருந்தா பேஜாரு தானே? நாளைக்கி நெஜமாவே தண்ணி வந்தா கூட எவனும் நம்ப மாட்டான். அளவ கொஞ்சம் ஏத்தி வையேன்.”

செல்வகுமார் கணக்குப் போட்டுக் காட்டினான். மூட்டையோடு சேர்த்துக் கோடி பதின்மூன்றரை அடி. பதின்மூன்றில் வைத்தால் அப்போதும் அரை அடி முன்னதாகத்தானே அடிக்கும் என்றான்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கல் வரம்பில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வழியும், மூட்டை சரிந்தால் ஒன்றரை அடித் தண்ணீரும் ஒரேயடியாக வரும் என்று அந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். செல்விக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர்கள் போனபிறகு சவுரியம்மாள் அந்த நான்கு டம்ளர்களையும் பார்த்தபடி, “உங்கப்பா இருந்து இத பாக்கலையே” என்று அழுதிருக்கிறாள். அந்த அழுகைக்கு முன்னால் எந்தக் கணக்கு நிற்கும்?

நான்கு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு செல்வி உள்ளே போய், பதினொன்றரை என்று இருந்ததைப் பதின்மூன்று ஆக்கினாள். இன்னொருவர் ஒப்புக்கொள்ளவேண்டிய விதி அப்போது இல்லை. மழைக்காலத்தில் எழுபது ஏரிகளுக்குத் தினமும் மாற்றங்கள் வந்து குவிவதால், அளவு விஷயம் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியாததா, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று மணிமாறன் விதியைத் தளர்த்தியிருந்தார்.

எந்த மாற்றம் செய்தாலும் காரணம் எழுத ஒரு பெட்டி உண்டு. யார் கேட்டார்கள், எதற்காகச் செய்தோம் என்று அதில் எழுதவேண்டும். அது பெயரோடும் நேரத்தோடும் அங்கேயே இருக்கும். மற்ற அறுபத்தேழு திருத்தங்களுக்கும் பத்தி பத்தியாக எழுதியவள், அன்றைக்கு இரண்டே வார்த்தை எழுதினாள். அளவு திருத்தம்.

திங்கட்கிழமை ரயிலில் இதை முகமெல்லாம் வெளிச்சமாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

“அவங்க கேட்டாங்கன்னு பேர் போட்டு எழுதினியாடி?”

“எப்டிக்கா? வூட்டுக்குள்ள வந்து டீ வாங்கி குடிச்சிட்டுப் போனவங்க. ஊர் உலகமே பாக்கற எடத்துல அவங்க பேர எழுதனா காட்டிக்குடுத்த மாரி ஆவாதா? அம்மாவும் வேணாம்னுட்டுது.”

நானும், அதுவும் சரிதான் என்றேன். எல்லாவற்றுக்கும் எகிறுகிற என் வாய் அன்றைக்குச் சரிதான் என்றது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை. ஜீப் வரவில்லை. ஏரி தளும்பத் தளும்ப நின்றது. செல்வி மட்டும் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். பன்னிரண்டு. பன்னிரண்டு புள்ளி ஒன்று. “ஒண்ணும் இல்லக்கா, சும்மா பாக்கறேன்” என்பாள். சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிடுவாள். ஒருநாள், “திரும்ப எறக்கி வெச்சிடட்டுமாக்கா?” என்று கேட்டாள். அவளே, “டீ குடிச்சிட்டுப் போனவங்க மூஞ்சில எப்டி முழிக்கறது” என்று பதிலும் சொல்லிக்கொண்டாள்.

கார்த்திகை நடுவில் புயல் வந்தது. சனிக்கிழமை முழுக்க ஒரு நிமிஷம் விடாமல் கொட்டியது. திண்டிவனத்தில் எங்கள் தெருவிலேயே முழங்கால் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை காலை மழை சற்று ஓய்ந்ததும் காலனிக்காரர்கள் பூசைக்குப் போனார்கள். மாதா கோயில் உயரமான கடைக்காலில் கட்டியது. கோயிலுக்குப் போகாத குடும்பங்களிலும் பலர், ஒழுகாத இடம் என்று அங்கேயே போய் ஒதுங்கியிருந்தார்கள். முனியம்மாள் மாடுகளை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

செல்வி கோயிலுக்குள் போனை முந்தானைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு புள்ளி நான்கு. புள்ளி ஆறு. புள்ளி ஏழு. பதின்மூன்று ஆகவில்லை, அதனால் யாருடைய போனும் அடிக்கவில்லை. அவள் எழுந்தாள். முனியம்மாளை ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். சவுரியம்மாள் புடவையைப் பிடித்து இழுத்து, “பூசை நடக்குது, உக்காரு. அதான் மிசினு அடிக்கும்ல” என்றாள். செல்வி உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும் என்று என்னிடம் சொன்னாள். அந்த ஐந்து நிமிஷத்தை அவள் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் சத்தம்தான் வந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. கோடியில் மூட்டைகள் சரிந்துவிட்டன. பிறகு தண்ணீரில் கோயில் படிக்கட்டு தெரியவில்லை. ஓடைப்பக்கம் ஒன்பது வீடுகள் போயின. முனியம்மாளை மறுநாள் இரண்டு மைல் தள்ளிக் கரும்புக் கொல்லையில் கண்டெடுத்தார்கள். மாட்டுக் கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்தது. இடுப்புச் சுருக்குப் பையில் பிளாஸ்டிக் காகிதத்தில் பத்திரமாக மடித்து வைத்த போன் இருந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள், கோடியில் மூட்டை அடுக்கியது யார் என்று கேட்டார்கள். மூட்டைகளைத்தான் வெள்ளம் கொண்டுபோய்விட்டதே. ஏன் போன் அடிக்கவில்லை என்று அடுத்துக் கேட்டார்கள். அதற்கு மட்டும் எழுத்தில் சாட்சி இருந்தது. ஆரோக்கியசெல்வி. நவம்பர் ஒன்பது. நான்கு பன்னிரண்டு. அளவு திருத்தம்.

“நாங்க என்னா கம்ப்யூட்டர கண்டமா? அந்தப் பொண்ணுதான் ஏதோ மாத்திச்சின்னு சொல்றாங்க” என்றார் சின்னதுரை. வீட்டுக்கு வந்ததாகச் சொன்னாளே என்று கேட்டதற்கு, எந்த வீட்டுக்கு என்று திருப்பிக் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் செல்வி லேப்டாப்பைத் திறந்து அளவைத் திரும்பப் பதினொன்றரை ஆக்கினாள். காரணப் பெட்டியில் எல்லாவற்றையும் எழுதினாள். யார் யார் வந்தார்கள், யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், என்ன சொன்னார்கள், தான் ஏன் பெயரை எழுதவில்லை, முனியம்மாள் எப்படிச் செத்தாள், அதில் தன் பங்கு என்ன. எனக்குப் படித்துக் காட்டினாள். அவள் நிறுத்தாமல் படித்தாள், எனக்குத்தான் கேட்க முடியவில்லை.

பதினோரு மணிக்கு மணிமாறன் போன் செய்தார்.

“செல்வி, உங்க வருத்தம் புரியுது. ஆனா இதுல ஆளுங்க பேரை எல்லாம் எழுதக்கூடாது. கேஸ் கீஸ்னு போனா புராஜெக்டே நின்னுடும். எழுபது ஊர் இருக்கு, யோசிங்க.”

“நடந்ததுதான் சார் எழுதியிருக்கேன்.”

“இருக்கலாம். கொஞ்ச நாளைக்கு நீங்க ஒதுங்கி இருங்க. விசாரணை முடியட்டும்.”

சாயங்காலம் பார்த்தால் அளவு பதினொன்றரையாகவே இருந்தது. அவள் எழுதியதை எடுத்துவிட்டிருந்தார்கள். பழைய அளவு திருத்தம் மட்டும் அவள் பெயரோடு அப்படியே இருந்தது. அவளால் உள்ளே போக முடியவில்லை. வெளியே நின்று பார்க்க முடிந்தது. அதை எல்லாரும் பார்க்கலாம்.

நான் அந்த மணிமாறனைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வளவனூரில் எங்கள் உறவுக்காரர்களே அவரை நல்லவர் என்கிறார்கள். ஆனால் ஒரு நல்லவர் பயந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்துவிட்டேன்.

விசாரணை முடிந்ததா இல்லையா என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. ஆடியில் ஏரிக்காவலுக்கு எருக்கந்தாங்கல் பக்கம் உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று பேச்சு வந்தது. சங்கத்தின் ஒப்புதலோடு ஒருவன் எழுதிப் போட்டான். படித்தவன், ஊரிலேயே இருப்பவன், ஏரியைத் தெரிந்தவன். செல்வகுமாருக்குக் கமிட் ஆக்சஸ் கொடுத்தார்கள். செல்விக்கு இரண்டரை வருஷம் ஆனது அவனுக்கு மூன்று வாரத்தில் ஆனது.

நேற்று சாயங்காலம் விழுப்புரத்தில் ரயில் ஏறியதும் செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினாள். எருக்கந்தாங்கல் ஏரி, எச்சரிக்கை அளவு பதின்மூன்று அடி. மாற்றியது செல்வகுமார்; மணிமாறன் தளர்த்திய விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. காரணப் பெட்டியில் நிறைய எழுதியிருந்தான். நான் இரண்டு தடவை படித்தேன்.

‘ஏற்கெனவே ஆரோக்கியசெல்வி வைத்திருந்த அளவுக்கே மீண்டும் மாற்றப்படுகிறது. அவர் காலனியைச் சேர்ந்தவர் என்பதால் காலனி மக்களுக்கும் இதில் சம்மதமே.’

“என் பேர எழுதறதுக்கு அவனுக்கு ஒரு கூச்சமும் இல்ல பாருக்கா” என்றாள்.

அவன் மாற்றிய அன்றே ஆட்சேபம் எழுதிப் போட்டுவிட்டு, என்னிடமும் சொல்லாமல் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாள். மூன்று நாளாகியும் யாரும் அதைத் திறக்கவில்லை. அம்மாவைத் திண்டிவனத்தில் என் வீட்டில் கொண்டுவந்து விடு என்றேன். வெள்ளத்தில் போன வீடுகளையும் அதே இடத்தில்தான் திரும்பக் கட்டியிருந்தார்கள். மீதி நாற்பது வீட்டை எங்கே கொண்டுபோய் விடுவது என்று கேட்டாள். பேரணி ஸ்டேஷனில் ரயில் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கதவுகளை எல்லாரும் இறக்கினார்கள். அவள் போனைப் பார்த்தாள். ஏரி கோடியின் பன்னிரண்டு அடியைத் தாண்டியிருந்தது.